முனியாண்டி வளைவு

டவுனில், தெங்கேராவில் லோரி ஓட்டிய காலம்வரை வீரப்பன் ஓர் ஆளையும் சாகடித்ததில்லை. அங்கே மாட்டுவண்டியும் திரிஷா என்ற மூணு சக்கர ரிக்‌ஷாவும் சைக்கிளுமாக வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும்; வேகமாகப் போக நினைத்தாலும் நடக்காது. இடித்தால் கால் முறியும், காய்க்கூடை கவிழும், நாலு வசவு விழும், அவ்வளவுதான். செலண்டார் பக்கத்துக் கித்தாத் தோட்டத்திலோ, ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் ரோட்டில், ஒரு கோழிகூடக் குறுக்கே வராது. இங்கேதான் ஆள் சாகிறார்கள்.

அவனுக்கு முன்னால் ஓட்டிய அங்கமுத்து, முனியாண்டி வளைவில் லோரியோடு ஓடைக்குள் போனான். பின்னால் நின்று வந்த தோட்டத்து ஆட்களில் மூன்று பேரும் அவனோடு போனார்கள்.

முன்பெல்லாம் அந்த இறக்கத்தின் தலைமாட்டில், முனியாண்டி கல்லுக்கு முன்னால் எல்லா லோரியும் நிற்கும். டிரைவர் இறங்கிச் சூடம் கொளுத்துவான்; பிறகு முதல் கியரில் ஊர்ந்து இறங்குவான். எமர்ஜென்சிச் சட்டம் வந்தபின், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்கள் சுடுவார்கள், எங்கேயும் நிறுத்தாதே என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். பொழுது சாய்ந்தால், ஆட்கள் குடியிருக்கும் லயத்து வேலிக் கேட்டையும் மூடிவிடுவார்கள். அங்கமுத்து போனது அதற்கப்புறம்தான். சாமிக்குக் கோபம் என்றது சனம். வீரப்பன் அதைப் பாதி நம்பினான். மீதிப் பாதி பிரேக்கில் இருந்தது. அவன் பெண்சாதி கோமளா, வயிற்றுப் பிள்ளையோடு, அவன் ஓட்டும் லோரியின் பின்பலகையில்தான் நின்று வந்தாள். வளைவு நெருங்க நெருங்க அவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. செம்மண் ரோடு எண்ணெய் ஊற்றினாற்போல் வழுக்கியது. வீரப்பன் கல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி, மண்டோர் சாமிக்கண்ணு, பதறிப்போனார். நனைந்த சூடம் பற்றவில்லை. வெறுங்கையைக் கூப்பிவிட்டு ஏறி, ஊர்ந்து இறங்கினான். யாரும் சுடவில்லை. ஆனால் கேட்டு மூடிக் கிடந்தது. காவல்காரன் திறக்கும்வரை சனம் மழையில் நின்றது. மறுநாள் காலையில், உத்தரவை மீறினான் என்று, லோரிச் சாவியை இன்னொரு டிரைவர் தம்புசாமியிடம் கொடுத்துவிட்டு, வீரப்பன் கையில் மண்வெட்டியைத் திணித்தார்கள்.

அன்று வேலை விட்டதும் அவனும் கோமளாவோடு பின்னால் நின்றான். தம்புசாமி பறந்தான்.

"கம்பிய இறுக்கிப் புடி," என்றான் வீரப்பன்.

"நீங்க ஓட்டுனப்பவும் இப்படித்தான் புடிச்சேன். உங்களுக்கு இப்பத்தான் தெரியுது லா."

கல் தெரிந்தது. மண்வெட்டிக் காம்பால் டிரைவர் தலைக்குமேல் இருந்த தகரத்தில் தட்டினான். லோரி நிற்கவில்லை. அங்கமுத்துவின் பெண்சாதி முனியாயி அதே கும்பலில்தான் இருந்தாள். புருஷன் போனதிலிருந்து வாய் திறக்காதவள். அவளும் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தகரம் அதிர்ந்தது.

தம்புசாமி நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன, எல்லாருக்கும் ஒண்ணாச் சாமி வந்திருச்சா? கேட்ட மூடிருவான்."

"மூடட்டும் தம்பி," என்றாள் முனியாயி. "நாங்க நடந்து இறங்குறோம். நீ வெறும் லோரிய மெதுவா இறக்கு."

மண்டோர் காட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு தானும் இறங்கிக்கொண்டார்.

கித்தா மரங்களுக்குள் ஒரு சுள்ளி முறிந்தாலும் எல்லாத் தலையும் அங்கே திரும்பியது. கோமளா வீரப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லோரி முதல் கியரில் முனகிக்கொண்டு பின்னால் வந்தது. கீழே, லயத்துப் பக்கம், கேட்டு மூடும் மணி அடித்தது. யாரும் ஓடவில்லை.