இரண்டு டாக்டர்கள்

வியாழக்கிழமை நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்து முடிந்த மறு திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. வக்கீல் ஹேவர்ட்டியின் அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. வென்டெல் ஸ்ட்ராட் வாசலில் காத்து நின்றார்.

ஒவ்வொரு வருடமும் விருந்துக்குப் பிறகு அவர் இங்கே வந்து பிள்ளைகளின் சொத்துப் பங்கை மாற்றி எழுதுவார். வான்கோழி வறண்டுவிட்டது என்று மகன் டேல் சொன்ன வருடம் அவன் பங்கு பாதியானது. கடையில் வாங்கிய மாவில் பூசணிப் பை என்ற இனிப்புப் பலகாரத்தைச் செய்த வருடம் மகள் கோரினுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த வருடம் திரும்பக் கொடுத்தார். சொத்தையெல்லாம் ஒரு டிரஸ்டின் பேரில் எழுதி, அதை நிர்வகிக்கும் டிரஸ்டியாகத் தானே இருந்தார்.

"உயிரோட இருக்கறவரைக்கும் என் டிரஸ்ட், என் இஷ்டம். வேணும்னா கிழிச்சும் போடுவேன்" என்பார்.

மனைவி வெர்னா இறந்ததும் கோரின் ஒஹாயோவில் வேலையை விட்டுவிட்டு அரிசோனாவில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான்கு வருடமாக அவரைக் குளிப்பாட்டுகிறாள். இந்த விருந்தில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: "வாடகை குடுக்காத ஆளுக்கு வீடு எதுக்கு? டேல், எல்லாம் உனக்குத்தான்."

கோரின் பூசணிப் பையைத் துண்டுகளாக வெட்டினாள். அவருக்குப் பெரிய துண்டாக வைத்தாள்.

அலுவலகம் திறந்தது. அவர் உள்ளே போய் உட்கார்ந்தபோது பின்னாலேயே கோரினும் வந்தாள்.

"நீ எதுக்கு? காரைப் பாத்துக்கன்னுதானே சொன்னேன்?"

"கார் எங்கயும் போகாதுப்பா."

"வக்கீலம்மா, எழுதிக்கோங்க. இவ பேரை அடிங்க."

ஹேவர்ட்டி பேனாவைத் தொடவில்லை. "என்னால முடியாது சார். போன புதன்கிழமையிலேர்ந்து நீங்க டிரஸ்டி இல்ல."

"யார் சொன்னது?"

"ரெண்டு டாக்டர். உங்களால இனிமே சொத்தைப் பாத்துக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அது வந்தா பொறுப்பு கோரினுக்குப் போகும். திருத்தற உரிமையும் உங்களுக்கு நின்னுடும். நீங்க வச்ச விதி."

அவருக்கு நினைவிருந்தது. நிதானம் தவறினால் கோர்ட் முடிவு செய்யட்டுமா, டாக்டர்களா என்று டிரஸ்ட் எழுதிய அன்று ஹேவர்ட்டி கேட்டாள். அவர் வெர்னாவைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்குத்தான் மொதல்ல மூளை கழலும். ரெண்டு டாக்டர் போதும். கோர்ட்டுக்கெல்லாம் எவன் தண்டம் அழறது?"

வெர்னா கடைசி நாள்வரை தெளிவாக இருந்தாள்.

வருடா வருடம் அவர் பங்குகளை மாற்றினார். தனக்கு அடுத்த டிரஸ்டி யார் என்பதை மாற்றவேயில்லை. அது சம்பளம் இல்லாத வேலை. கோரினுக்குப் போதும் என்று விட்டிருந்தார்.

"எந்த டாக்டர்?"

"ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னாரே, அவர்" என்றாள் கோரின். "நான் என்ன ஒண்ணாங்கிளாஸான்னு பேப்பரைத் தூக்கி எறிஞ்சீங்க. இன்னொருத்தர் இது என்ன வருஷம்னு கேட்டார். என்னைப் பாத்து, நீ பொறக்காம இருந்திருக்க வேண்டிய வருஷம்னீங்க."

"அது நக்கல்டி!"

"அவங்க எழுதிக்கிட்டாங்க."

"பக்கத்துல உக்காந்திருந்தியே. சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அவர் வக்கீலைப் பார்த்தார். "கோர்ட்டுக்குப் போறேன்."

"தாராளமா போங்க. ஆனா உங்க பணமெல்லாம் டிரஸ்ட்லதான் இருக்கு. செலவுக்கு செக்ல கையெழுத்துப் போட வேண்டியது கோரின்."

"வீடு?"

"அதுவும் டிரஸ்ட் பேர்லதான் சார்."

"வீட்டை வாங்கறதுக்குப் பாக்க ஆள் வராங்க, மத்தியானம்" என்றாள் கோரின். "உங்களுக்கு மேசா ஊர்ல, வயசானவங்க இருக்கற எடத்துல ஒரு ரூம் எடுத்திருக்கேன். துணியெல்லாம் கார் டிக்கில இருக்கு."

வென்டெல் அவள் பக்கம் திரும்பினார்.

"புதன்கிழமையே எல்லாம் முடிஞ்சுடுச்சா?"

"ஆமா."

"அப்புறமும் வியாழக்கிழமை எனக்கு சமைச்சுப் போட்டே. நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னே."

"டேல் மொகத்தைப் பாக்கணும்னு இருந்தது. எல்லாம் தனக்குத்தான்னு எப்படி சிரிச்சான்!"

ஹேவர்ட்டி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கோரின் கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"கோரின். கண்ணு. வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போய்ட்டு வந்துடறேம்மா. விடறியா?"