பாண்டோ என்று சொல்லவேண்டிய இடம்

1

இந்தக் கதை எங்கள் தெருச் சலவைக் கடையில் கிடைத்தது. சில்லறை கேட்கவே திக்கித் திணறிய ஒருவர், வானொலியில் பழைய ராப் பாட்டு வந்ததும் கூடவே தடங்கலின்றிப் பாடினார். மீதியெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: “1981, நியூயார்க்கின் பிராங்க்ஸ். ரயில் பெட்டிகளில் இரண்டு பெயர்கள் சண்டையிட்டு...” வேண்டாம். பெயர்களா சண்டையிடும்?

இரண்டாவது: எஃப்ராயின், ரயில் பெட்டிகளில் ‘பாண்டோ’ என்ற தன் பட்டப்பெயரை வண்ணமாய்த் தெளிப்பவன். கிளியோட்டிஸ், அதன்மேல் கோடு இழுப்பவன்.

(இவர்கள் தங்களை ஓவியர் என்பதில்லை, எழுத்தாளர் என்பார்கள். ஒருவன் பெயரைக் கோடிட்டு அடிப்பது அவன் முகத்தில் துப்புவது மாதிரி. ஆகவே கைவிட்ட வரிகளைக்கூட நான் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

3

பூங்காவில் இருவரும் ராப் பாட மைக்குக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்த ஒடெஸா, தன் ஒலிப்பதிவு அறைக்கு இருவரையும் சேர்த்தே அழைத்தாள், ஒரே இசைத்தட்டுக்கு. எஃப்ராயினுக்குத் திக்குவாய். ராப்பில் திக்காது, தாளம் தூக்கிக்கொண்டு போய்விடும். பாட்டுக்குள் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்வான். ராப்பிலோ, பாடுபவன் தன் பெயரைச் சொல்லாத பாட்டு யாருடையதும் இல்லை.

“ப... ப...”

தாளம் கடந்து போனது.

“ஏன்டா, ரெண்டாம் நம்பர் ரயில் பூரா எழுதினியே, வாயில வரலையா?” என்றான் கிளியோட்டிஸ்.

“நீ கோ... கோடு போட்டுப் போட்டு எனக்கே ம... மறந்துபோச்சுடா.”

ஒடெஸா சிரித்துவிட்டாள். “சண்டைய தெருவுல வெச்சுக்குங்க. இன்னொரு தடவ!”

[இங்கே கிளியோட்டிஸ் மனம் திருந்தியதாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. காலியாய் ஓடும் தாளத்தை அவனால் பொறுக்கமுடியவில்லை, அவ்வளவுதான்.]

மறுபடி அந்த இடம். எஃப்ராயினின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. கிளியோட்டிஸ் மைக்கில் குனிந்து, “பாண்டோ!” என்றான். எஃப்ராயின் அடுத்த அடியைப் பிடித்துப் பாடி முடித்தான்.

4

“இது போதும்டா. அருமை!” என்றாள் ஒடெஸா.

“இல்லக்கா. எ... என் பேரை நான் சொல்லணும்.”

“மேல பதிஞ்சா இது அழிஞ்சிடும். வேற நாடா இல்ல.”

எஃப்ராயின் கிளியோட்டிஸைப் பார்த்தான்.

“சொல்லு. நான் வாயத் திறக்கல,” என்றான் அவன். பிறகு, “பக்கத்துலதான்டா நிக்கிறேன்.”

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பெயர் வந்தது, மற்றதில் வரவில்லை. இரண்டிலும் அவனுக்காக நானே அவசரப்பட்டிருந்தேன்.

நாடா சுழல்கிறது. அந்த இடம் வந்துவிட்டது. எஃப்ராயின் வாய் திறக்கிறான். பெயர் உங்களுக்குத் தெரியும். சொல்லிவிடாதீர்கள். அவனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.