மண்ணைத் தொடாத கம்பி

கண்ணாடி சூடேறுவதற்குள் கழுவி முடித்தாக வேண்டும். வெயில் ஏறிய சோலார் பேனல்மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். அதனால் கிழக்கு வெளுக்கத் தொடங்கியதுமே, அந்த ஐந்து மாடித் துணிக் கிடங்கின் உச்சியில் பெண்களின் முதுகுகள் வளைந்துவிடும். படிக்கட்டு வழியே குடம் குடமாகத் தண்ணீர் ஏறும். மாடித் தொட்டியில் இருப்பது உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளை படர்ந்து மின்சாரம் குறையும் என்று, நல்ல தண்ணீரைக் கீழேயிருந்து சுமக்கச் சொல்லியிருந்தான், ஊரெல்லாம் பேனல் மாட்டிக் கழுவிக் கொடுக்கும் கம்பெனியின் முதலாளி. பேனலுக்கு நல்ல தண்ணீர். கழுவுகிறவர்கள் குடிக்கத் தொட்டித் தண்ணீர்.

அதன் பிறகு புறா வேலை. பேனல்களுக்கும் தளத்துக்கும் நடுவே முழங்கால் உயர இடைவெளி. அந்த நிழலில் புறாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின. எச்சம் காய்ந்து, அடுக்கடுக்காய் இறுகிப் பாறையாகக் கிடக்கும். ஈரம் பட்டதும் அது உயிர்பெற்று நாறும். கண் எரியும், தொண்டை அடைக்கும். வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய், தகட்டுத் துண்டால் சுரண்டி, புழு நெளியும் குஞ்சுகளையும் எலி தின்று மிச்சம் வைத்த முட்டைகளையும் கையால் அள்ளி வெளியே போட வேண்டும். கையுறை கேட்டதற்கு, "பழைய துணியச் சுத்திக்கோங்க" என்று பதில் வந்திருந்தது.

பெரியக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. முதலாளிக்கு உடன்பிறந்த மூத்தவள். கணவன் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள், ஒரு வாரம்கூடச் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. "தம்பி வீட்டுச் சோத்தத் தின்னுட்டுக் கிடக்கறா" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முள்ளுக்கு நடுவில் நடந்தாலும் முந்தானை கிழியாமல் நடக்க வேண்டும் என்று பெண்களை வளர்த்த வீடு அது. தம்பியே முதலாளி, ஆனாலும் அவளும் குடம் சுமந்தாள். மற்றவர்களைவிட ஒன்று கூடுதலாகவே சுமந்தாள்.

"முதலாளியோட பேனல் இன்னிக்கும் கிள்ளுது பெரியக்கா" என்றாள் வாயாடி. அவளுக்கு வைத்த பெயர் வேறு. பேச்சை நிறுத்தத் தெரியாததால் எல்லாருக்கும் அவள் வாயாடி. ஈரக் கையைப் பேனலின் உலோகச் சட்டத்தில் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "வெளியூர் போன என் வீட்டுக்காரரு என்னக் கிள்ளி வருஷக்கணக்காச்சு. இவருக்காவது ஆசை இருக்கே."

பெண்கள் சிரித்தார்கள். பெரியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனலைக் குறை சொன்னால் தம்பியைக் குறை சொன்னதாகும். தம்பியைக் குறை சொன்னால் வீட்டைக் குறை சொன்னதாகும்.

"எறும்பு கடிச்சதுக்கெல்லாம் ஊரக் கூட்டாத. கையப் பாத்து வேலை செய்."

ஆனாலும் அவள் கேட்காமல் இல்லை. போன மாதம் தம்பிக்குச் சோறு போடும்போது கேட்டாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது நைலான் புடவையால வர்ற கரண்ட்டுக்கா. பருத்தி கட்டச் சொல்லு" என்றான். சொன்னாள். எல்லாரும் பருத்திக்கு மாறினார்கள். பருத்தி கட்டியவர்களையும் அது கிள்ளியது. மழை பெய்த மறுநாள் காலைகளில் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தானாகவே நின்றுவிடும். பேனல்களை மாட்டிய ஒயர்மேன் அதையும் முதலாளியிடம் சொன்னான். "காஞ்சா சரியாயிடும்" என்றான் முதலாளி.

வாயாடி கடைசி வரிசைக்கு அடியில் ஊர்ந்து போனாள். அங்கே எலிகள் ஒயரின் தோலை உரித்திருந்தது யாருக்கும் தெரியாது. உள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது.

"இந்தப் புறாவுக்கு எங்க மாமியா தேவல. அதாவது ஒரு எடத்துல..."

பேச்சு நின்றது.

அவள் பேச்சு பாதியில் நிற்கும் என்று யாரும் நினைத்ததில்லை. அதனால்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் விறைத்துத் துள்ளின. ஒரு கை சட்டத்தைப் பிடித்திருந்தது, விடவில்லை.

"தொடாதீங்க" என்று கத்திக்கொண்டு ஒயர்மேன் ஓடிவந்தான்.

"மெயின அணைப்பா" என்றாள் ஒருத்தி.

"எத அணைக்கிறது? சூரியனையா?"

காய்ந்த மரப்பலகையை எடுத்து அவன் அவள் கையை அடித்தான். இரண்டாவது அடியில் பிடி விட்டது. இழுத்து வெளியே போட்டார்கள். உள்ளங்கையில் சட்டத்தின் விளிம்பு கறுத்த கோடாகப் பதிந்திருந்தது. கருகிய தோலின் வாடை புறா நாற்றத்தையும் மீறி அடித்தது. மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு முதலாளி வந்தபோது அவனுக்கு முன்னால் அவன் பூசியிருந்த செண்ட் வந்தது. பெண்களின் சேலைகளில் எச்சம் காய்ந்திருந்தது. அவன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அக்காவை மட்டும் ஓரமாக அழைத்தான்.

"நாளைக்கு மின்சார இன்ஸ்பெக்டர் வர்றாருக்கா. மயக்கம் வந்து விழுந்துட்டான்னு நீ சொன்னா போதும். நீதான மூத்தவ, உன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது."

"கை கருகிப் போயிருக்கேடா."

"அடுப்புல சுட்டிருக்கும். இவளுங்க வீட்ல என்ன நடக்குதுன்னு நாம கண்டோமா?"

பெரியக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த முகம். கன்னம் பளபளவென்று இருந்தது. அதைத் தொட்டால் கையில் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது.

"வெளியில தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்? நம்ம அப்பா பேருலதான கம்பெனி ஓடுது. வண்டியில பேர் எழுதியிருக்கு. யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவன் சொன்னதும் ஒரு கணம் உண்மையிலேயே யோசித்தாள். மயக்கம் என்று ஒரே ஒரு சொல். சொன்னால் வீட்டு விஷயம் வீட்டோடு முடியும்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒயர்மேன் பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"ஏப்பா, பேனலுக்கெல்லாம் ஒரு பச்சக் கம்பி கட்டியிருக்கியே, அது எதுக்கு?"

"எர்த்துக்கா. ஒயர்ல எங்கயாச்சும் கரண்ட்டு கசிஞ்சா, அது மனுஷன் மேல ஏறாம மண்ணுக்குப் போயிடும்."

"அப்புறம் ஏன் இவ மேல ஏறுச்சு?"

அவன் பீடியை உருட்டுவதை நிறுத்தினான்.

"அந்தக் கம்பி எங்க போகுது?"

"கீழ போகுதுக்கா."

"கீழன்னா?"

"மேல் வேலைதான் எனக்கு. கீழ குழி தோண்டி எர்த் கம்பி எறக்குனது முதலாளியோட சொந்த ஆளுங்க. குழிய நான் பாக்கல." பீடியைக் காதில் செருகினான். "பாத்திருக்கணும்."

இருவரும் கிடங்குக்குத் திரும்பினார்கள். பின்சுவரில் பச்சைக் கம்பி ஐந்து மாடியும் நேராக இறங்கியிருந்தது. பார்வைக்கு அழகான வேலை. அடிக்கு அடி கொக்கி போட்டு, நூல் பிடித்தாற்போல் இறக்கியிருந்தார்கள். சாக்கடையை ஒட்டி ஒரு சதுரச் சிமெண்ட் மூடி. கம்பி அதற்குள் போனது.

ஒயர்மேன் கடப்பாரையை வைத்து மூடியை நெம்பினான்.

உள்ளே மண்ணில் இறங்கிய செம்புக் கோல் ஏதும் இல்லை. கரியும் உப்பும் இட்டு நிரப்பிய குழி இல்லை. ஒரு சாண் ஆழத்தில் சிமெண்டுத் தரை. அதன்மேல் பச்சைக் கம்பி பாம்புபோல் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வெற்றிலைத் துப்பல், பீடித் துண்டுகள், மல்லாந்து செத்த கரப்பான். கம்பியின் நுனியில் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, ஓரத்தை நறுக்கி ஒட்டியிருந்தார்கள்.

பெரியக்கா அந்த டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்து விட்டிருந்தால் நுனி சும்மா கிடக்கும். இது மறதி இல்லை. ஒருவன் உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு பெண்ணின் உயிரைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறான். புறாக் குஞ்சை அள்ளியபோதெல்லாம் வராத குமட்டல். சுவரைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் வாந்தி எடுத்தாள்.

"அக்கா..."

"ஒண்ணுமில்ல. மூடியப் போடு. நாளைக்கு எல்லார் முன்னாலயும் தொறப்போம்."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி அவருக்கு நாற்காலி போட்டு, "எங்க அக்கா பக்கத்துலயேதான் இருந்தாங்க. அவங்களே சொல்லுவாங்க" என்றான். குரலில் சர்க்கரை வழிந்தது. பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தியும் பெரியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று தெரிந்தவர்கள்.

"மயக்கமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க. ஆனா மயங்கிக் கிடந்தது நாங்கதான், அவ இல்ல. கொஞ்சம் இப்படி வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். மூடி நகர்ந்தது. அவளே குனிந்து கம்பியின் நுனியை எடுத்து வெளியே போட்டாள்.

பின்னாலிருந்து ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "இதுக்கா நாங்க புடவைய மாத்துனோம்?"

இன்ஸ்பெக்டர் குழியைப் படம் எடுத்தார். "மேலிடத்துக்கு எழுதறேன்" என்றார். முதலாளியின் காரை ஒருமுறை பார்த்தார். "நேரம் ஆகும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சர்க்கரை தீர்ந்தது.

"குடும்ப மானத்தத் தெருவுல போட்டுட்டியேக்கா."

"நான் போடலடா. குழிக்குள்ள போட்டு மூடி வச்சது நீ. நான் மூடியத்தான் தொறந்தேன்."

"ஒரு குழிக்கு எவ்வளவு செலவாகும்னு தெரியுமா உனக்கு? எல்லாருந்தான் இப்படிப் பண்றாங்க. தொழில்னா நெளிவு சுளிவு இருக்கும்."

"கை கருகுனது நெளிவா, சுளிவா?"

"இவளுங்களுக்காகவா என்ன எதுத்துப் பேசற? நான் உன் ரத்தம்."

"அதான் நாத்தம் தாங்கல. வேத்தாளா இருந்தா மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "வண்டியிலேருந்து அப்பா பேர அழிச்சிடு. அவரு மாட்டிக் குடுத்த குழா ஒண்ணு சொட்டுனாலும், கூப்பிடாமலே போயி மாத்திட்டு வருவாரு. உன் பேர எழுதிக்கோ. உனக்கு அது பொருந்தும்."

அவன் முகம் கறுத்தது. பெண்கள் பக்கம் திரும்பினான். "இன்னிக்குக் குடத்தத் தூக்காதவ நாளைக்கு வர வேண்டாம். ஆள் எனக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க."

ஒயர்மேன் இடுப்பிலிருந்த கருவிப் பையை அவிழ்த்து அவன் காலடியில் வைத்தான். "எண்ணிக்கைய இப்பவே தொடங்கிடுங்க சார். ஒரு ஒயர்மேனும் வேணும்."

குடங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றும் எழும்பவில்லை.

அவன் வண்டி போன பிறகு, வயதில் இளையவள் ஒருத்தி பெரியக்காவின் அருகில் வந்தாள். "நீங்க அவரு பக்கம் போயிருவீங்கன்னு நெனச்சோம் பெரியக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அவள்.

அன்று முழுக்க, தாங்கள் கழுவிய மாடிகளுக்கெல்லாம் அவர்கள் நடந்தார்கள். பள்ளிக்கூடம், குளிர்பதனக் கிடங்கு, அடுக்குமாடி வீடுகள். ஒயர்மேன் மூடிகளை நெம்பினான். இரண்டு இடத்தில் மட்டும் கோல் இருந்தது. மற்ற இடங்களில் அதே கம்பி, அதே கறுப்பு டேப். ஓரிடத்தில் மூடிக்கு அடியில் குழியே இல்லை. வெறும் தரையில் மூடியை ஒட்டி வைத்திருந்தார்கள். பார்க்கப் பார்க்கப் பெண்களுக்கு அழுகை போய்க் காறல் வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒருத்தி நிஜமாகவே காறித் துப்பினாள். சாயங்காலத்துக்குள் ஒரு சொல்லில் நின்றார்கள்: ஒவ்வொரு மாடிக்கும் எர்த் மண்ணில் இறங்க வேண்டும், வாயாடியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும், அதுவரை ஒரு கண்ணாடியையும் கழுவுவதில்லை. பெரியக்கா தன் துணி மூட்டையைத் தம்பி வீட்டிலிருந்து எடுத்துவந்து, வாயாடியின் ஒற்றை அறையில் வைத்தாள். அவள் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க ஆள் வேண்டியிருந்தது.

அடுத்த விடியலில் கிடங்கின் படிக்கட்டு வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். நினைத்தபடியே வண்டி வந்தது. பின்பக்கம் நிறைய வேறு பெண்கள், மடியில் குடங்கள், எங்கிருந்தோ அரைத் தூக்கத்தில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"வழிய விடுங்க. அவங்களாவது பொழைக்கட்டும்."

"பொழைக்கத்தான் வழிய விடல" என்றாள் பெரியக்கா.

வந்தவர்களில் எலும்பும் தோலுமாக ஒருத்தி முதலில் இறங்கினாள். சண்டைக்கு வருகிறவள்போல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் உலை கொதிக்கணும்க்கா. உங்களுக்கு முதலாளியோட ஆயிரம் தகராறு இருக்கும். எங்களுக்கென்ன?"

பெரியக்கா எழுந்தாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வாயாடியின் கையைச் சொன்னாள். குழியைச் சொன்னாள். கடைசியில், "அந்த முதலாளி என் கூடப் பொறந்த தம்பி. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா இத மறைக்கிறது அதவிடப் பெரிய வெக்கம்" என்றாள். "மாடிக்குப் போறதுன்னா போங்க, கையப் பிடிச்சுத் தடுக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி பின்னால போயி அந்தக் குழிய ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

ஒல்லியானவள் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். நான்கைந்து பேர் இறங்கிச் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். திரும்பி வர நேரமாயிற்று. வண்டியில் இருந்தவர்களிடம் ஒல்லியானவள் ஏதோ சொன்னாள். குடங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. டிரைவர் இன்னொரு முறை ஹார்ன் அடித்துப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, எஞ்சினை அணைத்துவிட்டான்.

வெயில் மாடியின் விளிம்பைத் தொட்டது. மேலே புழுதி படிந்த கண்ணாடிகள் கழுவப்படாமல் சூடேறிக்கொண்டிருந்தன. முதலாளி வருவான். ஒருவேளை தனியாக வர மாட்டான். அது எல்லாருக்கும் தெரியும்.

ஒல்லியானவள் படிக்கட்டின் அருகில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்றாள்.

பெரியக்கா நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு உட்கார இடம் விட்டாள்.