மஞ்சள் போடாத மீன் தண்ணீர்

என் வீட்டுக்காரர் அருமைநாயகத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு யோசனை வரும். கோவளத்தில் சேமியாவைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்து, இத்தாலிச் சாப்பாடு என்று வெள்ளைக்காரர்களுக்கு விற்றார். பழவங்காடியில் கறிவேப்பிலை போட்ட சைனா நூடுல்ஸ். ஒவ்வொரு கடைக்கும் நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஐந்து கடை. இரண்டாயிரத்து மூன்றில் குமாரபுரத்துக்கு வந்தபோது, இதுவும் ஓடாவிட்டால் திரும்பக் கோவளம்தான் என்றார். இனி ஓர் அடி நகர மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

இங்கே அவர் குறி வைத்தது மாலிக்காரர்களை. மாலத்தீவிலிருந்து வைத்தியத்துக்கு வந்து, மெடிக்கல் காலேஜைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். நம் காரம் அவர்களுக்கு ஆகாது. அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை அசலாகக் கொடுத்தால் வேறெங்கே போவார்கள் என்றார். எதிர் லாட்ஜில் இல்யாஸ் என்பவர், அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காகக் குடும்பத்தோடு எட்டுப் பேராக வந்திருந்தார். ஆபரேஷன் முடிந்தும் அந்த அம்மா ரொட்டியும் சாயாவுமாகவே கிடந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டால் எட்டுப் பேருக்கும் ஒரு மாதச் சாப்பாடு உங்கள் கடையில்தான் என்று இல்யாஸ் வாக்குக் கொடுத்தார்.

அவள் ஆசைப்பட்டது கருதியா என்கிற மீன் தண்ணீர். சூரை மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்து நுரையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சோறு, எலுமிச்சை, பச்சைமிளகாய் தனியாக. புளி இல்லை, தேங்காய் இல்லை, மஞ்சள்கூட இல்லை. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் கழுவிய தண்ணீரைச் சூடுபண்ணி நோயாளிக்குக் கொடுப்பதா? பார்க்கிறவர்கள் என் கையைத்தானே குறை சொல்வார்கள்?

முதல் நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். தூக்குச்சட்டி அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் மஞ்சளைத் தொடவில்லை. ஆனால் இறக்குகிற நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை, நாலு சின்ன உள்ளியை நசுக்கித் தாளித்துவிட்டேன். அதுவும் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"தாசம்மா, நாளைக்கு நீ ஒண்ணும் போடாண்டாம், கேட்டியா? உனக்கு ருசிச்சா அவங்களுக்கு ருசிக்காது."

மூன்றாம் நாள் மசாலா டப்பாவைக் கொண்டுபோய் வெளியே மேஜைக்கடியில் வைத்தேன். நுரை வரும், எடுப்பேன். வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். ருசி பார்க்கப் பயம். பார்த்தால் டப்பாவைத் தேடிப் போய்விடுவேன். அவர் தூக்குச்சட்டியோடு லாட்ஜுக்குப் போனபின், துடைத்த மேஜையையே நாலு தடவை துடைத்தேன்.

சட்டி காலியாக வந்தது. பின்னாலேயே இல்யாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவும் வந்தாள். நேராக அடுக்களைக்குள் நுழைந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, அவள் பாஷையில் ஏதோ கேட்டாள். நான் எந்தத் தீவுக்காரி என்று கேட்கிறாளாம். இல்யாஸ் அரைகுறை மலையாளத்தில் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னார். டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லியும், இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று இல்யாஸ்தான் அம்மாவை நிறுத்தி வைத்திருந்தாராம். கருதியா உள்ளே போனதிலிருந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெள்ளிக்கிழமை விமானத்தில் எட்டுப் பேரும் கிளம்புகிறார்கள்.

அவர்கள் போனபின் எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து அழுகை வந்தது. வீட்டுக்காரர் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். சட்டென்று நின்றார். புது யோசனை வந்துவிட்டது.

"அடுத்த ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சள் போட்டே குடு. ஒரு மாசமாவது இருப்பாங்கல்லா."

"போட மாட்டேன்" என்றேன். "வேணும்னா நீங்க கோவளத்துக்குப் போங்க. நான் வரல்ல."

அவர் யோசனைக்கு நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.