நிறைய மீன்

அர்ச்சனா பொன்னேரியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, அவள் புருஷன் தீனாவுக்கு வலை சுத்தம் செய்யும் நேரமெல்லாம் பாட நேரமாகிவிட்டது. அவள் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லி, அதன் பொருளையும் சொல்வாள். அவன் வலையில் சிக்கிய பாசியை உதறியபடி கேட்பான்.

“பீஸ் ஆஃப் கேக்னா ரொம்ப சுலபம்னு அர்த்தம். அப்புறம், தேர் ஆர் பிளென்டி ஆஃப் ஃபிஷ் இன் த சீ. கடல்ல நெறைய மீன் இருக்குதாம். காதல்ல தோத்தவனுக்கு ஆறுதலா சொல்றது. இவ போனா போவட்டும், வேற ஒருத்தி கெடைப்பானு.”

தீனா வலையைக் கீழே போட்டான். “எவன் சொன்னது? வலைய கையால தொட்டிருப்பானா அவன்?”

“புக்குல போட்டிருக்குய்யா. எங்கிட்ட ஏன் எகிர்ற?”

“கடல்ல எவ்ளோ இருந்தா இன்னா? நம்ம பாடு வர்ற அன்னிக்கு வலையில வுழுறதுதான் நம்ம மீனு.”

தீனா மீன் பிடிக்கும் ஏரியில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள், அதுதான் பாடு. தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அவளை வேறொருவன் பெண் பார்க்க வந்தது, நல்ல இறால் காலத்தில், தீனாவின் பாடு வந்த அன்று. படகைக் கரையிலேயே விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு அனுப்பம்பட்டில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றவன் அவன்.

மறுநாள் வகுப்பில் அந்த மரபுத்தொடரை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ‘கடலில் நிறைய மீன் இருக்கிறது என்று என் கணவரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்’ என்று அர்ச்சனா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள்.