பதினான்காவது படி

விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் வானிலை ரேடாரைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று எழுதுவதுதான் அந்த மாதம் ஷைலஜா ஹெப்பாருக்கு வேலை. பெங்களூரில் விமான மின்னணுக் கருவிகள் செய்யும் கம்பெனியில் பதினொரு வருஷமாகக் கையேடு எழுதுகிறாள்.

திங்கட்கிழமை காலை வரைவைத் திறந்தபோது, பதிமூன்றாவது படிக்குக் கீழே அவள் எழுதாத ஒரு படி இருந்தது.

‘கையை வெளியே எடு.’

கையேடு அப்படி ஒருமையில் பேசாது. அனுமதித்த சொற்களின் பட்டியலில் இல்லாத சொல்லை எழுதினால் மென்பொருள் உடனே சிவப்புக் கோடு போட்டுவிடும். இந்த வரிக்குக் கோடு விழவில்லை. மாற்றப் பதிவில் ஞாயிறு காலை பதினொன்று பத்து என்று இருந்தது. எழுதியவர் இடத்தில் அவள் பெயர். அந்த நேரத்தில் அவள் துமகூரில் நாத்தனார் குழந்தையின் தொட்டில் விழாவில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கணினிப் பிரிவில் விசாரித்தாள். ஞாயிறன்று அவள் வேலை செய்யும் மாடியின் கதவே திறக்கப்படவில்லை என்றார்கள்.

அழித்தாள். செவ்வாய்க்கிழமை திரும்ப இருந்தது. மறுபடி அழித்தாள். அதன்பின் வரவில்லை. வராததுதான் அவளை அதிகம் உறுத்தியது.

வியாழன் பிற்பகல், விமானம் நிற்கும் ஹாங்கரில் சரிபார்ப்பு. எழுதியவர் படிப்படியாக வாசிக்க, மெக்கானிக் அதை அப்படியே செய்து பார்க்க வேண்டும். ஒரு காமிரா எல்லாவற்றையும் பதிவு செய்யும். மெக்கானிக் சன்னபசப்பா ஹாவேரிப் பக்கத்துக்காரர், வாயாடி.

“எழுதினத மட்டும்தான் செய்வேன் மேடம். மூச்சு விடுன்னு எழுதலேன்னா மூச்சும் விடமாட்டேன்.”

சிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினாள். மின்சாரத்தைத் துண்டித்தார். மூக்குக் கூட்டைத் திறந்தார். பதிமூன்றாவது படியில், ரேடார் தட்டுக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டு, கேபிளைப் பொருத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

அடுத்த கணம் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். தட்டு ஒரே வீச்சில் திரும்பி, அவர் முழங்கை இருந்த இடத்தில் சட்டத்தோடு மோதி நின்றது.

ஷைலஜா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பதினான்காவது படி, திருகை முறுக்கச் சொல்லியிருந்தது. ஆனால் தான் வேறு எதையோ சொன்னது அவளுக்குத் தெரியும். தொண்டையில் அதன் அதிர்வு இன்னும் இருந்தது.

காரணம் சாயங்காலமே தெரிந்துவிட்டது. இந்த ரக விமானத்தில், முதல் இணைப்பைத் துண்டித்தாலும் தட்டின் மோட்டாருக்கு வேறொரு வழியாக மின்சாரம் வருகிறது. அதற்கான புது வரைபடம் அவளிடம் வந்துசேரவில்லை. அறிக்கைக்காக மேலாளர் பணிராஜ் காமிராப் பதிவை ஓட்டினார்.

திரையில் ஷைலஜா பதிமூன்றாவது படியை வாசித்து முடிக்கிறாள். உதடுகள் மூடுகின்றன. கேபிள் டக்கென்று உட்காருகிறது. ஒரு கணம் நிசப்தம். சன்னபசப்பா கையை இழுக்கிறார்.

பணிராஜ் திரும்ப ஓட்டினார். ஒலியைக் கூட்டினார். மேற்கூரைக் காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்டது.

“யாரும் ஒண்ணும் சொல்லலையே,” என்றார்.

“மேடம்தான் சார் சொன்னாங்க,” என்றார் சன்னபசப்பா. “என்னிக்கும் வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. இன்னிக்கு எடுன்னாங்க. என்னமோ கோவம் போலன்னு பயந்து எடுத்தேன்.”

“ஆமா சார், நான்தான் சொன்னேன்,” என்றாள் ஷைலஜா. திரையில் அவள் வாய் மூடியே இருந்தது.

எச்சரிக்கை முறையான மொழியில் கையேட்டில் ஏறியது. அறிக்கையில் ‘யார் கண்டுபிடித்தது’ என்ற கட்டத்தில் ‘சரிபார்ப்பில் தெரியவந்தது’ என்று எழுதச் சொன்னார் பணிராஜ். எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பின் சரிபார்ப்புக்கு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தாள். சன்னபசப்பா ஒப்பவில்லை. அவள் வாசித்தால்தான் விமானத்தில் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். வாசிக்கிறாள். ஒவ்வொரு படி முடிந்ததும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள். அவரும் கையை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக் காத்திருக்கிறார்.