தேயாத துத்தநாகம்

படகுப் பட்டறையில் அவனுக்குப் பளபளப்பு என்று பெயர். அவன் பெயின்ட் அடித்தால் துருப்பிடித்த தகரத்திலும் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். வருடக்கணக்கில் படகின் அடியில் குனிந்தே முதுகு வளைந்தவனுக்கு வேறு பாராட்டு எதுவும் தேடி வரவில்லை.

கழிமுகத்தைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புப் படகு அது. வருடத்துக்கு ஒரு முறை கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். அதன் அடிவயிற்றில், சுக்கானுக்கும் படகைத் தள்ளும் விசிறிக்கும் பக்கத்தில், துத்தநாகக் கட்டிகளை வரிசையாகத் திருகியிருந்தார்கள். மாட்டும்போது செங்கல் மாதிரி இருப்பவை, அடுத்த தடவை பார்த்தால் எலி கொறித்த சோப்பு மாதிரி கிடக்கும். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும்.

அதைப் பார்த்து மேனேஜருக்கு வயிறு எரியும்.

“என்னய்யா இது, வருஷா வருஷம் கடலுக்கு விருந்தா வைக்கிறோம்? இதைத் தேயாமப் பண்ண ஒருத்தனுக்கும் வழி தெரியலையா? தெரிஞ்சவன் யாரோ அவன்தான் இனிமே மேஸ்திரி!”

மேஸ்திரி வேலை அப்போது காலியாக இருந்தது. மேஸ்திரி என்றால் குனிய வேண்டியதில்லை. நிழலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தவனைத் திட்டினால் போதும். பளபளப்பின் முதுகு அவனை முந்திக்கொண்டு பேசியது.

“சார், கட்டிக்கும் சேர்த்து மூணு பூச்சு நல்ல பெயின்ட் அடிச்சிட்டா? உப்புத்தண்ணி எப்படி உள்ள போகும்?”

மேனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இத்தனை நாளா இந்த மூளையை எங்கய்யா வச்சிருந்த?”

“பெயின்ட் டப்பாவுக்குள்ளதான் சார்.”

கம்பெனிக்கு இன்ஜினீயர் என்று ஒருவர் இருந்தார். எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காகிதம் துருப்பிடிக்காது என்பதால் அதோடு அவர் வேலை முடிந்துவிடும். இந்தத் தடவையும் போட்டார்.

அன்று வீட்டில் மனைவியின் தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். அதே படகில் இன்ஜின் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சோறு புரையேறச் சிரித்தான்.

“அடப்பாவி மாமா! கடல் அதைத் தின்னட்டும்னுதானே மாட்டியிருக்கு. பக்கத்துல அது இருக்கிற வரைக்கும் கடல் இரும்புல வாய் வைக்காது. அதை நீ மூடிட்டா வேற எதைக் கடிக்கும்? எனக்குக் கீழ இருக்கிற தகட்டைத்தான்!”

“இன்ஜின் புகையைக் குடிச்சுக் குடிச்சு உனக்கு மூளை கருகிப்போச்சு மாப்ளே.”

“அவருக்கு மேஸ்திரி வேலை கிடைச்சா உனக்கு ஏண்டா காந்துது?” என்று அக்கா ஒரு கரண்டி குழம்பைத் தம்பி தலையில் ஊற்றாத குறையாக இலையில் ஊற்றினாள். தம்பி குனிந்து சோற்றைப் பிசைந்தான். மச்சினன் பேச்சைக் கேட்டுத் திருந்திய மாமன் எந்த ஊரில் இருக்கிறான்?

பளபளப்பு மேஸ்திரி ஆனான். மறுவருடம் முக்குளிக்கிறவன் ஒருவன் தண்ணீருக்குள் போய்ப் பார்த்துவிட்டு, கட்டி அப்படியே புதுசாக இருக்கிறது என்றான். “அப்புறம் எதுக்குக் கரையேத்தணும்? நோயாளி நல்லாத் தூங்கறான், எழுப்பாதீங்க” என்று மேனேஜர் அந்தச் செலவையும் மிச்சம் பிடித்தார். தலைமை ஆபீசில் ‘மேனேஜரின் யோசனை’ என்று பேச்சு பரவியது. மேஸ்திரி அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. நிழல் அவனுக்கு, புகழ் அவருக்கு.

அதற்கும் அடுத்த வருடம் படகைக் கரையேற்றினார்கள். பாசியைக் கழுவியதும் கட்டிகள் ஒவ்வொன்றும் மூலை மழுங்காமல் மின்னின. தலைமை ஆபீசிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குப் பெண்ணைக் காட்டுவது போல ஒவ்வொரு கட்டியாகக் காட்டினார். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். கட்டியைத் தாண்டி ஒரு முழம் தள்ளி யாரும் பார்க்கவில்லை.

மேஸ்திரி பார்த்தான். விசிறித்தண்டு வெளியே வரும் இடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினான். அப்பளம் போல் நொறுங்கியது. உள்ளே கறுப்புப் பொடி. விரலை மடக்கித் தட்டினான். கணீரென்று ஒலிக்க வேண்டிய தகடு, ஊறிய அட்டை மாதிரி சத்தமே இல்லாமல் கிடந்தது. அந்தத் தகட்டுக்கு மேலேதான் மச்சினன் உட்காரும் ஸ்டூல்.

மேனேஜரை ஓரமாக இழுத்துச் சொன்னான்.

“வாயை மூடு. புட்டி வச்சு மெழுகிப் பெயின்ட் அடி. நாளைக்குப் படகு தண்ணியில இறங்கியாகணும். உன் கை பட்டா எதுவும் பளபளக்குமே!”

“உள்ள என் மச்சினன் இருப்பான் சார்.”

“அவனுக்கு நீச்சல் தெரியாதா?”

மேஸ்திரி வந்து, பள்ளம் அடைக்கும் புட்டி மாவைக் குழைத்தான். பழகிய கை, கட்டி தட்டாமல் வெண்ணெய் போல் குழைத்தது. இதைப் பூசினால் அந்த இடம் படகிலேயே அழகான இடமாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். பூசாவிட்டால் நாளைக்கே நிழல் போய்விடும் என்பதும் தெரியும். படகுக்குள்ளேயிருந்து மச்சினன் கத்தினான்.

“மேஸ்திரி ஐயா! அழகு பார்த்தது போதும், நாளைக்கு என்னைக் கடலுக்கு அனுப்பலாமா?”

மேஸ்திரி புட்டிப் பலகையைத் தரையில் வைத்தான்.

“மாப்ளே, கொஞ்சம் தள்ளி நில்லு,” என்றான். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினான். “ஐயா, இதையும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க.”

துரு தட்டும் சுத்தியலை ஓங்கி ஒரே போடு. சுத்தியல் பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது தகடும் கூடவே வந்தது. ஓட்டை வழியாக மச்சினனின் முகம் தெரிந்தது.

“என்ன மாமா, ஜன்னல் வச்சுக் குடுத்திருக்க? காத்து நல்லா வருது.” சொன்னானே தவிர, அவன் உதடு வெளுத்திருந்தது.

மேனேஜருக்குக் குரல் கீச்சிட்டது. “சார், கட்டிக்குப் பெயின்ட் அடிச்சவனே இவன்தான் சார்! இது முழுக்க முழுக்க இவன் யோசனை!”

கைவிட்டுப் போயிருந்த புகழ் மொத்தமும் ஒரே நிமிடத்தில் வீடு திரும்பியது.

“ஆமாங்க, என் யோசனைதான்,” என்றான் மேஸ்திரி. ஓட்டையைப் பார்த்தான். இந்த அளவு என்றால் இன்னும் ஒரு டப்பா புட்டியில் அடைத்துவிடுவார்கள்.

“இன்னும் தள்ளிக்க மாப்ளே,” என்று சொல்லி, முதுகு வளைத்து, பக்கத்து இடத்தில் ஓங்கினான்.